நடு சீட்டுக்கு அடியில்

சுகாசினி பத்து முறை இழுத்துப் பார்த்தாள். முதல் ஆறு முறை பட்டு இழை வழுக்கிக்கொண்டு போனது. ஏழாவது முறை மாட்டியது. எட்டு, ஒன்பது, பத்து, மூன்று முறையும் மாட்டியது.

தப்பாக எண்ணிவிட்டோமோ என்று முதலில் தோன்றியது. பிறகு இழைமேல் சந்தேகம் வந்தது. ஒரே இழையைப் பத்து முறை இரும்பில் தேய்த்தால் அதுவே நைந்துபோய் மாட்டாதா? புது இழை எடுத்து முதலிலிருந்து பார்க்கலாம். ஆனால் மணி மூன்றரை ஆகிவிட்டது. குந்தி உட்கார்ந்ததில் கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன. ஆறாவது முறைக்குப் பிறகு, விழாமலிருக்க இடது கையைச் சைக்கிளின் நடு சீட்டின் மேல் ஊன்றிக்கொண்டுதான் அவளால் உட்காரவே முடிந்தது.

“இன்னாடி, இன்னும் தொடச்சிக்கினே இருக்கிறே? அவங்க வர்ற நேரம்,” என்று அம்மா இளவரசி உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

“முடிஞ்சுதுமா.”

முடியவில்லை. இப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

அப்பா தேவேந்திரன் தினம் காலையில் தறியில் உட்காருவதற்கு முன்னால் இதைத்தான் செய்வார். குறுக்கு நூலை இப்படியும் அப்படியும் கொண்டுபோகிற நாடாவைக் கையில் எடுத்து, ஒற்றைப் பட்டு இழையை அதன் உடம்பு முழுக்க ஓட்டுவார். விரலுக்குத் தெரியாத பிசிறு இழைக்குத் தெரிந்துவிடும். எங்காவது மாட்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் மறுவேலை. சைக்கிளிலும் அதைச் செய்து பார்க்கலாம் என்று சுகாசினிக்கு இன்று மதியம்தான் தோன்றியது. வாங்க வருகிறவர்களுக்காகத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நடு சீட்டின் தண்டு நீளக் குழாயோடு சேர்கிற வெல்டிங்கில், தலைமுடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. நகப்பூச்சு மட்டும் வெடித்திருக்கிறதா, அடியில் இரும்பும் வெடித்திருக்கிறதா?

அந்த இடத்துக்கு நகப்பூச்சு எப்படி வந்தது என்பது அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்தச் சைக்கிளுக்கு மூன்று சீட்டு, மூன்று ஜோடி பெடல். தம்பி அர்ஜுனனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம், அப்பா இரண்டு பழைய சைக்கிள்களை வாங்கி, காகிதத்தில் படம் வரைந்து, வெல்டிங் கடையில் மூன்று நாள் கூடவே நின்று செய்ய வைத்த வண்டி. முன்னால் அப்பா, நடுவில் அவள், கடைசியில் தம்பி. அரக்கு நிறம் அம்மா சொன்னது. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் அது போகும்போது சின்னப் பிள்ளைகள் ‘ரயிலு, ரயிலு’ என்று பின்னாலேயே ஓடிவரும். எட்டு வருஷத்தில் சீட்டை உயர்த்தி உயர்த்தி, இனிமேல் உயர்த்தக் கம்பி இல்லை. அர்ஜுனனுக்குப் பெடல் மிதித்தால் முட்டி எதிரே உள்ள கைப்பிடியில் இடிக்கிறது. ஆறு மாதமாக அவன் நடந்தேதான் போகிறான். சுகாசினிக்குப் போன வருஷம் பிளஸ் ஒன்னில் அரசாங்கச் சைக்கிள் கிடைத்தது. அது இன்னும் மாமா வீட்டில் நிற்கிறது. தறி போக மிச்சமிருக்கிற நடையில் ஒரு வண்டிக்குத்தான் இடம். மூன்று சீட்டு வெளியே போனால்தான் அது உள்ளே வரும். அதுவரை, பின்னால் காலி சீட்டு இரண்டை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவளைப் பார்த்து, “டிக்கெட் எவ்ளோ?” என்று யாராவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள்.

போன மாதம் கருட சேவை அன்று மதியம், கூட்டம் கலைந்த பிறகு, தோழிகள் நான்கு பேரை அதில் ஏற்றிக்கொண்டு அவள் ராஜ வீதியில் சுற்றினாள். நடு சீட்டில் இரண்டு பேர். நீர்மோர்ப் பந்தலுக்குக் கால் நட்ட குழியை யாரோ மூடாமல் விட்டிருந்தார்கள். சக்கரம் இறங்கியது. யாருக்கும் அடியில்லை, சிரித்துக்கொண்டேதான் எழுந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தபோது வெல்டிங்கில் விரிசல். அப்பாவிடம் சொன்னால் வண்டி வெல்டிங் கடைக்குப் போகும். அங்கே பத்து நாள் கிடக்கும். அதற்குள் அப்பாவுக்கு விற்கிற மனசு மாறி, ‘இருந்துட்டுப் போகட்டுமே’ என்பார். இரண்டு முறை அப்படி மாறியிருக்கிறது. குழாய் ஒழுகினால் அடைக்கிற எம்-சீலை எடுத்துப் பூசி, காய்ந்ததும் தேய்த்து, அம்மாவின் அரக்கு நகப்பூச்சை மேலே தடவினாள். நிறம் அவ்வளவு பொருத்தமாக இருந்தது. அவளுக்கே அந்த இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

வாங்குகிறவர்கள் யாராவது மெக்கானிக்காக இருப்பார்கள், அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு மாதமாகத் தனக்குத் தானே சொல்லி வைத்திருந்தாள்.

மூன்றே முக்காலுக்கு ஒரு மொபெட் வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் துர்கா. பின்னால் அவள் புருஷன் பாண்டியன். இருவருக்கும் இடையில் ஒரு சின்னப் பையன், முன்னால் நின்றபடி ஒரு பெண் குழந்தை. ஓரிக்கையிலிருந்து வருகிறார்கள்.

“எனக்குக் கம்பெனி பஸ்ஸு காலைல அஞ்சரைக்கு மெயின் ரோட்டாண்ட வந்துடும்,” என்றாள் துர்கா, தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே. “மொபெட்ட நான் எடுத்துக்கினு போயிடுவேன். இவரு கழனிக்குப் போறதுக்கு முன்னாடி இதுங்க ரெண்டையும் இஸ்கூல்ல உடணும். இவ பிரியதர்ஷினி, ஒண்ணாவது. இவன் பிரேம்நாத், எல்.கே.ஜி.”

“இவனாண்ட ஜாக்கிரதையா இருங்க,” என்றார் பாண்டியன். “ஸ்க்ரூ கெடச்சா முழுங்கிடுவான்.”

அப்பா சிரித்தார். தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து, சைக்கிளைத் தாமே வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தார். “எட்டு வருஷம் என் பசங்களச் சொமந்த வண்டிங்க. ஒரு நாள் கீழ போட்டதில்ல. வெல்டிங்கெல்லாம் நான் பக்கத்துலயே நின்னு வெச்சது. நீங்க எங்க வேணா தட்டிப் பாருங்க.”

பாண்டியன் எங்கும் தட்டிப் பார்க்கவில்லை. டயரை அமுக்கினார். பெல்லை அடித்தார். “நீங்க சொன்னா சரிதாண்ணா,” என்றார்.

இவர் மெக்கானிக் இல்லை.

பாண்டியன் முதலில் தனியாக ஒரு சுற்று போய் வந்தார். பிறகு பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரைக்கும் மெதுவாகப் போய் வந்தார். நடு சீட்டில் பிரியதர்ஷினி. பெடல் அவளுக்கு எட்டவில்லை. இரண்டு காலையும் ஆட்டிக்கொண்டு, “கூ... சிக்கு புக்கு,” என்று கத்திக்கொண்டே வந்தாள். ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை என்று சுகாசினி நினைத்தாள். நைந்த இழைதான் மாட்டியிருக்கிறது. குழந்தைக்கு இருபது கிலோ கூட இருக்காது. ஆனால் ஓரிக்கை போகிற சாலையில் எத்தனை வேகத்தடை? அவள் மனசுக்குள் எண்ணினாள். ஐந்து. இல்லை, ஆறு. குழி தனி. பின்னாலேயே லாரி வரும்.

“அண்ணா, சீக்கிரம் முடிச்சிக்கலாம்,” என்றாள் துர்கா. “நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள வண்டி உங்க வாசலத் தாண்டிடணும். தாண்டலைன்னா ஆறு மணி வரைக்கும் நான் எடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

“போன வாட்டி ராகுகாலத்துல கன்னுக்குட்டி வாங்கினேன்,” என்றார் பாண்டியன். “இன்னிக்கி வரைக்கும் பேசிக் காட்டுறா.”

“அது செத்துப் போச்சில்ல?”

“பதினோரு வருஷம் பால் கறந்துட்டுச் செத்துச்சுமா!”

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பணம் கைமாறியது. அம்மா எலுமிச்சம்பழம் எடுக்க உள்ளே போனாள். மணி நான்கு பத்து.

ஆறு மணி வரைக்கும் எடுக்க மாட்டேன். அந்த வார்த்தையைச் சுகாசினி பிடித்துக்கொண்டாள். இருபது நிமிஷம் தள்ளினால் போதும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று அவள் யோசிக்கவில்லை. நடைக்குள் போய், ஆணியில் தொங்கிய பூட்டுச் சாவியை எடுத்து, நூல் சுற்றிய தார்கள் போட்டு வைக்கிற கூடைக்குள் ஆழமாகத் தள்ளினாள்.

“அப்பா, சாவியக் காணோம்.”

“ஆணியிலதானே இருந்துது?”

“இல்லப்பா.”

தேடினார்கள். அப்பா தறிக்கு அடியில், அம்மா சாமி அலமாரியில், அர்ஜுனன் தன் புத்தகப் பையில். அர்ஜுனன்தான் கடுப்பானான். “இவதான் காலைலருந்து வண்டியாண்டயே ஒக்காந்துக்கினு இருந்தா. இவளையே கேளுங்க. ரயில உட்டுப் பிரிய மனசில்ல போல.”

“வாய மூடுடா.”

“நான் இன்னா சொன்னேன்? சாவி உங்கிட்ட இருக்குதான்னு கேட்டேன்.”

அவள் முகத்தில் சூடு ஏறியது. துர்கா தேடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் நாள் முழுக்கச் சாமான்களைச் சரிபார்த்துப் பிரித்து வைக்கிற வேலையோ என்னவோ, அப்படி ஒரு பார்வை. “இன்னா பாப்பா, வண்டிய உட மனசு வரலியா?” என்றாள்.

இப்போது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. “அதெல்லாம் இல்லக்கா,” என்றுதான் வந்தது.

நான்கு பதினெட்டு. நான்கு இருபது. இன்னும் பத்து நிமிஷம்.

“அட, சாவி எங்க போயிடப் போவுது,” என்றாள் அம்மா. “பூட்டியா இருக்குது வண்டி? நாளைக்கி அர்ஜுனன் கொண்டாந்து குடுத்துடுவான். நீங்க நேரத்தோட கெளம்புங்க.”

எலுமிச்சம்பழம் முன்சக்கரத்துக்கு அடியில் வைக்கப்பட்டது. ஹேண்டில் பாருக்குக் குங்குமம். கற்பூரம் அணைந்தது. பாண்டியன் முன் சீட்டில் ஏறினார். பையனைக் கடைசிச் சீட்டில் உட்கார வைத்துத் துண்டால் சீட்டோடு சேர்த்துக் கட்டினார்கள். பிரியதர்ஷினியை அப்பாவே தூக்கி நடு சீட்டில் வைத்தார். சுகாசினியை முதன்முதலாக ஏற்றிய அதே கை.

வண்டி நகர்ந்தபோது எலுமிச்சம்பழம் ‘பச்’ என்று நசுங்கியது. அதற்குள்ளேயே இன்னொரு சின்னச் சத்தம் கேட்டது. ‘டிக்.’ வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டதா, கேட்டதாக நினைத்துக்கொண்டாளா?

துர்கா மொபெட்டைக் கிளப்பிப் பின்னாலேயே போனாள். பிள்ளையார் கோயில் தாண்டினால் முதல் வேகத்தடை. பாண்டியன் தனியாகப் போனபோதும் பிள்ளைகளோடு போனபோதும் கோயிலிலேயே திரும்பிவிட்டார். வேகத்தடை மேல் அந்த வண்டி இன்னும் ஏறவில்லை.

சுகாசினி ஓடினாள். செருப்பு போடவில்லை. யாரையும் கூப்பிடவில்லை, அதற்கு மூச்சு இல்லை. மொபெட்டைத் தாண்டினாள். கோயில் வாசலில் பூ விற்கிற பூவம்மாள், “ஏய், பாத்துடீ!” என்றாள். வேகத்தடைக்குப் பத்தடி இருக்கும்போது கடைசிச் சீட்டின் பின்கம்பி கைக்குக் கிடைத்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வண்டி ஆடியது. பாண்டியன் காலை ஊன்றினார். கட்டியிருந்த பையன் வீறிட்டு அழுதான்.

“அறிவிருக்குதா உனக்கு? கொழந்தைங்க இருக்குதில்ல?” பாண்டியனிடமிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று அவள் நினைக்கவில்லை.

“எறக்குங்க. பாப்பாவ எறக்குங்கண்ணா. வண்டி ஒடஞ்சிருக்குது. நடு சீட்டுக்கு அடியில. நான்தான் ஒடச்சேன். நான்தான் பூசி மறைச்சேன்.”

துர்கா மொபெட்டை அப்படியே தெருவில் சாய்த்துவிட்டு வந்து, பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பாண்டியன் பையனை அவிழ்த்து இறக்கினார். அப்பாவும் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். அர்ஜுனன் பின்னால். அதற்குள் நான்கைந்து வீட்டு வாசலில் தலைகள்.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. “எங்க?” என்றார்.

காட்டினாள். அப்பா குந்தி உட்கார்ந்து விரலால் தடவினார். பிறகு, தறியிலிருந்து எழுந்து வந்தபோது தோளில் ஒட்டிக்கொண்டிருந்த பட்டு இழையை எடுத்து நீட்டிப் பிடித்து, வெல்டிங்கின் மேல் இழுத்தார். வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி. வழுக்கியது. இழையைத் திருப்பிப் பிடித்து மூன்றாவது முறை இழுத்தார். வெண்ணெய் மாதிரி போனது.

“ஒண்ணும் இல்லியே,” என்றார்.

பாண்டியன் மூச்சை விட்டார். “பூச்சு வெடிச்சிருக்குது, அவ்ளோதான் போல. மணி நாலு இருபத்தேழு. கெளம்பலாமா?”

“நான் கெளம்ப மாட்டேன்,” என்றாள் துர்கா. பிறகு, “ஏன் பாப்பா, வண்டிய உடக் கூடாதுன்னே இப்படிச் சொல்றியா?” என்று கேட்டாள். அதில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

எல்லாரும் சுகாசினியைப் பார்த்தார்கள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒன்றுமில்லாததற்கா இவ்வளவும்? ஆறு முறை வழுக்கியது அவள் கையிலும்தான். ஏழாவதில் என்ன மாறியது? இழை அதே இழை. இடம் அதே இடம். ஏழாவதுக்கு முன்னால் மரத்துப்போன காலை மாற்றி வைத்தாள். இடது கையை...

“அப்பா, சீட்ட அழுத்துங்க.”

“இன்னா?”

“சீட்டு மேல கையூனி நல்லா அழுத்துங்க. நான் இழுக்கறேன்.”

அப்பா எழுந்து, இரண்டு உள்ளங்கையையும் நடு சீட்டில் வைத்துத் தன் பாரம் முழுவதையும் இறக்கினார். சுகாசினி இழையை வாங்கி இழுத்தாள். பாதியில் மாட்டியது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். ‘டிக்’ என்றது. இந்த முறை எல்லாருக்கும் கேட்டது. நகப்பூச்சு மேல் அந்தக் கோடு வாய் திறந்தது, நகம் நுழையும் அளவுக்கு. இழை அறுந்து, பாதி அவள் கையிலும் பாதி இரும்புக்குள்ளும் நின்றது.

அப்பா கையை எடுத்தார். வாய் மூடிக்கொண்டது. கோடு கூடச் சரியாகத் தெரியவில்லை.

துர்கா இடுப்பில் இருந்த பெண்ணை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். “நீயேதான் மறைச்சே. நீயேதான் ஓடியாந்து சொன்னே,” என்றாள். “உன்ன நான் இன்னா பண்றது, சொல்லு? அறையறதா, கையெடுத்துக் கும்புடறதா?”

சுகாசினிக்கு அறைந்தால் தேவலாம் போலிருந்தது.

அப்பா மடியிலிருந்து பணத்தை எடுத்துப் பாண்டியனிடம் அப்படியே நீட்டினார். “நான் தட்டிப் பாருங்கன்னு சொன்னேங்க,” என்றார். பாண்டியன் வாங்கிக்கொண்டு, கைப்பேசியைப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டார்.

“நாலு முப்பத்திரண்டு.”

“மொபெட்டுலயும் போவக் கூடாதாம்மா?” என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

“இப்படி ஒண்ணு நடந்ததுக்கப்பறமா? நல்லா கேட்டீங்க போங்க,” என்றாள் துர்கா.

அதனால், கோபித்துக்கொண்டு கிளம்பிப் போயிருக்க வேண்டியவர்கள், ஆறு மணி வரைக்கும் அதே வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். தறிக்குப் பக்கத்தில் பாய் விரிக்கப்பட்டது. அம்மா காபி போட்டாள். பாண்டியன் குடித்தார். துர்கா டம்ளரைத் தொடவில்லை. அர்ஜுனன் அழுத பையனை மூலையில் உட்கார வைத்து வேடிக்கை காட்டினான். சுகாசினி போய்க் கூடைக்குள்ளிருந்து சாவியை எடுத்து, எல்லாரும் பார்க்க, ஆணியில் மாட்டினாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“எத்தினி வாட்டி இழுத்துப் பாத்தே?” என்று அப்பா கேட்டார்.

“பத்து.”

“பத்து வாட்டி இரும்பக் கேட்டிருக்கிறே. ஒரு வாட்டி வந்து என்னக் கேக்கத் தோணலியா?”

அப்பா பாண்டியன் பக்கம் திரும்பி, அந்த இடத்தை முழுக்க அறுத்து, உள்ளே ஒரு தடி கொடுத்து, புதிதாக வெல்டிங் வைத்தால் நிற்கும் என்று தரையில் விரலால் வரைந்து காட்ட ஆரம்பித்தார். பாண்டியன் முதலில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்தத் தடி எவ்ளோ நீளம் உள்ள போவும்ணா?” என்றார். “நான் வந்து நின்னு பாக்கறேன். பாத்துட்டுத்தான் சொல்லுவேன்.”

“பாருங்க. கண்டிப்பா பாருங்க.”

அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் நடையிலிருந்து “கூ...” என்று சத்தம் வந்தது. பிரியதர்ஷினி. ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்த சைக்கிளில், எப்படி ஏறினாளோ, நடு சீட்டில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“எறங்குடீ!” துர்கா பாய்ந்து எழுந்தாள். குழந்தையின் உதடு பிதுங்கியது.

அதற்குள் சுகாசினி நடையில் குந்தி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வெல்டிங்குக்கு அடியில் கொடுத்திருந்தாள். “நான் புடிச்சிக்கினு இருக்கறேன்க்கா. வண்டி எங்கயும் போவல.”

நிற்கிற வண்டி. இருபது கிலோ கூட இல்லாத குழந்தை. அதற்குக் கை கொடுப்பதில் ஒரு அர்த்தமும் இல்லை என்று அவளுக்கே தெரியும். துர்கா கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். இறங்கு என்று மறுபடி சொல்லவில்லை.

“டிக்கெட்டு வாங்கிட்டியா?” என்று சுகாசினி குழந்தையிடம் கேட்டாள்.

“எனக்கு டிக்கெட்டு கெடையாது. நான்தான் டிரைவரு.”

மணி ஐந்தேகால் ஆனது. கால் மரத்துப்போனது. இந்த முறை ஊன்றிக்கொள்ளக் கை இல்லை.

“கை வலிக்கலியா?” என்றாள் துர்கா.

“வலிக்குதுக்கா.”

“இருக்கட்டும்,” என்றாள் துர்கா. உள்ளே போய், ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தாள்.